எஸ்தர் என்றே கூப்பிடுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, பெங்களூரிலிருந்து ரெஜினா தோத்திரம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி கம்மியாகிவிட்டதா? நான் சுகம்.

போன வாரம் மனநல வார்டில் திட்டு வாங்கினேன், பயப்படாதீர்கள். கல்வராயன் மலையிலிருந்து சிகிச்சைக்கு வந்திருக்கும் பாவாயி திடீரென்று வேறு யாரோ போலப் பேசினாள். நர்ஸ் படிப்புப் படித்த நானே, நம் ஊரில் பேயோட்டும் பழக்கத்தில், "யாரு நீ, பேரைச் சொல்லு" என்று அதட்டிவிட்டேன். அவள் மிரண்டு சுவரோரம் ஒடுங்கிக்கொண்டாள். டாக்டரம்மா என்னைத் திட்டி விலக்கிவிட்டு, ஈரத்துணியை அவள் கையில் வைத்து, "பாவாயி, இது ஆஸ்பத்திரி. இன்னைக்குச் செவ்வாக்கிழமை. உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கால் மணி நேரத்தில் பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ வந்துச்சா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

தாங்க முடியாதது நடந்தால் மனசு அப்படி விலகி நின்றுகொள்ளுமாம். பேய் இல்லை அப்பா. நாளாகும், ஆனால் சரியாகும் என்கிறார் டாக்டரம்மா.

நம் வீட்டில் தங்கச்சியையும் ஜெபக்கூட்டத்தில் அப்படித்தானே பேர் கேட்டு அதட்டினார்கள்? நான்தான் அவள் கையை அழுத்திப் பிடித்திருந்தேன். இனி அவளுக்கு அப்படி வந்தால் எஸ்தர் என்றே கூப்பிடுங்கள். அடுத்த மாதம் இங்கே கூட்டி வாருங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து நேராகப் பஸ் இருக்கிறது.

கொஞ்சம் வடகம் அனுப்புங்கள். இங்கே எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான், ரெஜினா என்று கூப்பிட ஆளில்லை.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. வடகப் பார்சலில் அனுப்புகிறவர் இடத்தில் மட்டும் எஸ்தரே தன் கையால் தன் பெயரை எழுதட்டும்.

ரெஜினா