ஊற்றுக்குட்டையில் பொட்டுக் கெண்டை

ஜூலை 13, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. ஆரம்பாக்கம் தாண்டி வயலோரத்து ஊற்றுக்குட்டை. நானும் சலீம் பாயும் மட்டும். கும்மிடிப்பூண்டியில் கலர்மீன் கடை வைத்திருப்பவர். ஞாயிறானால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு என்னோடு சேற்றில் இறங்குவார். குட்டையைக் காக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஊரே இருக்கிறது, கைதட்டுகிற பொம்மை போட. சேற்றில் இறங்க ஒருத்தரும் இல்லை.

கடைசி ஆகாயத்தாமரையும் பிடுங்கியாயிற்று. முட்டை, குஞ்சு எல்லாம் தின்கிற ஜிலேபி மீனையும் வலை போட்டு எடுத்தாயிற்று. அடியில் மணலைத் தள்ளிக்கொண்டு ஊற்று கிளம்புவது தெரிந்தது. பாய் தொட்டியில் வளர்த்த பொட்டுக் கெண்டை அத்தனையையும் விட்டோம். விரல் நீளம்கூட இல்லை. வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு. ஊத்துக்கோட்டை வரை ஓடை ஓடையாகத் தேடியும் வேறெங்கும் கிடைக்கவில்லை. இங்கே போனால் போனதுதான்.

பயம்: டேங்கர் லாரி. எந்தக் கம்பெனியோ, ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கழிவைத் திறந்துவிடுகிறான். சக்கரத் தடம் குட்டைக்குப் பக்கத்திலேயே.

வாங்க: கைவலை, பினாயில், அம்மாவுக்கு பி.பி. மாத்திரை. ஆராதனைக்கு வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

ஜூலை 15, செவ்வாய்

புழுக்கம். கேன்டீனில் மல்லிகா அக்கா. எங்கள் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். குட்டை அவள் ஊரில்தான். லாரியைப் பற்றிச் சொன்னேன். மனு கொடுத்து ஓய்ந்துவிட்டேன், ஒரு மஞ்சள் துணி கட்டினால் எவனும் கிட்ட வரமாட்டான் அக்கா என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். "சர்ச்சுக்குப் போறவ, உனுக்கு இன்னாம்மா இந்த யோசன!" பிறகு யோசித்து, "கட்டிரலாம் எஸ்தரு. நம்ம ஊத்துதானே" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. ரோடு முழுக்கப் பெரியபாளையம் போகிற வண்டிகள். ஷேர் ஆட்டோவே கிடைக்கவில்லை.

குட்டையோர வேம்பில் மஞ்சள் துணி. அடியில் ஒரு கல், மஞ்சள், குங்குமம். வியாழக்கிழமை டேங்கர் வந்ததாம். டிரைவர் இறங்கிப் பார்த்து, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டானாம். என் மனுக்களுக்கு இல்லாத மரியாதை.

கோரைப் புல்லடியில் கெண்டைகள், கூட்டமாக. பாய் முட்டி வரை தண்ணீரில் நின்று கத்தினார்: "பாத்தியாம்மா, முட்ட வுட்டுக்கீது!" எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லை. எத்தனை வருஷமாயிற்று ஒரு காரியம் நடந்து.

ஜூலை 24, வியாழன்

கேன்டீன். சாம்பாரா அது, கழுவின தண்ணி. மல்லிகா அக்கா: "இந்த வாட்டி பெரியபாளயம் போவல. பஸ்ஸுல பேஜாரு. நம்ம ஊத்தாண்டையே கூழு ஊத்தறோம். பொண்ணுக்கு அம்ம எறங்கிச்சி, வேண்டுதல் கீது." நல்லதுக்கா, எனக்கும் ஒரு சொம்பு வையுங்கள் என்றேன்.

கூழ் மட்டும்தான் காதில் விழுந்தது. வேண்டுதல் என்ன என்று கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

கம்பெனியில் ஓ.டி. பதினொரு மணிக்கு பாய் போன். "வாம்மா" என்றார். பாதியில் விட்டு ஓடினேன்.

தண்ணீரே தெரியவில்லை. முழுக்க வேப்பிலை. வேப்பிலையையே தொடுத்து வேப்பஞ்சேலையாகக் கட்டி மரத்தைச் சுற்றியிருக்கிறார்கள். பெரியபாளையத்தில் செய்கிறபடியே. அப்புறம் ஊற்றில் இறங்கிக் குளித்து, சேலையைத் தண்ணீரோடு விட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும். மஞ்சள், ஷாம்பு பாக்கெட், சோப்பு. நசுங்கின வேப்பிலைக் கசப்பு வாடை.

கெண்டைகள் இலைக்கு நடுவே வெள்ளையாக, வயிறு மேலே.

மல்லிகா அக்கா ஈரத் தலையோடு நின்றாள். "வேப்பல மருந்துதானேம்மா? கொயந்திக்கே அரச்சிப் பூசறோம். மீனுக்கு இன்னா ஆவும்?" பக்கத்தில் அவள் மகள், முகமெல்லாம் அம்மைத் தழும்பு, கூழ் குடித்துக்கொண்டு. யாரைத் திட்டுவது. அக்கா முன்னாலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

ஜூலை 28, திங்கள்

லீவு. சூப்பர்வைசர் கத்தல். இருட்டும் வரை இலை வாரினோம். இறைத்தோம். ஊற்று மெதுவாகத்தான் ஊறுகிறது. பாய் கைவலையால் மூலை மூலையாக அலசினார். ஒன்றும் இல்லை.

"ஊட்டுக்குப் போம்மா" என்றார். அவர் போகவில்லை.

ஜூலை 31, வியாழன்

வேலை, வீடு. கையில் வேப்பிலை வாடை போகவே மாட்டேன் என்கிறது. மஞ்சள் துணி கட்டச் சொன்ன வாய் இது. லாரியே கொன்றிருந்தால் திட்டவாவது ஆள் இருந்திருக்கும். இனி எந்தக் குட்டைக்கும் போக மாட்டேன். வாட்ஸ்அப் குழுவில் அழுகிற பொம்மைகள். வெளியே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

மழை, சும்மா தூறல். சாயங்காலம் பாய் போனில் வீடியோ அனுப்பினார். ஊற்றுக்கண் பக்கத்தில் குஞ்சுகள். நாலைந்து இருக்கும். கண் மட்டும் தெரிகிற அளவு. வாலடியில் பொட்டு. முட்டையிலிருந்து வந்தவை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். பாய்: "நாளைக்கி பொறுமையா எடுத்துத் தொட்டில வெச்சிரலாம். ஜபம் பண்ணும்மா. நானும் பண்றேன்."

அம்மாவிடம் ஆராதனை முடிந்துதான் போவேன் என்றேன். அவளும் ஜெபம் செய்கிறாளாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாய் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். வலை, வாளி, எல்லாம் கரையில் அப்படியே. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர்ப் பெண்கள் எல்லோரும் கரையில். காலி பிளாஸ்டிக் பைகள். மல்லிகா அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ அயுததுல எங்களுக்குத் தூக்கமே இல்ல எஸ்தரு. எல்லாரும் டப்பு போட்டு வாங்கியாந்தோம். ஜிலேபி கிலேபி இல்லம்மா, விராலு! காலீலயே வுட்டுட்டோம். பாரு, இன்னா வேகமா ஓடுது!"

ஊற்றுக்கண் பக்கம் விரால் குஞ்சுகள் கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தன. பொட்டுக் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருந்தன.

"இப்பவாவது சிரியேன் கண்ணு."

சிரித்தேன்.