முதல்ல நீ போ, வாத்யாரே

நேற்று உன்னை எரித்தபோது புகை நேராக எழுந்தது. சுடுகாட்டு வேப்பமரத்தின் உயரம் வரைக்கும் கம்பு நட்ட மாதிரி போய், அதற்கு மேலே மெதுவாக வலப்பக்கம் சாய்ந்தது. சுற்றி நின்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் அசைவில்லை, மேலே லேசாக இருக்கிறது, வெயில் ஏறினால் கிளம்பும் என்று என் புத்தி தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. இந்தப் பாழாய்ப்போன பழக்கத்தை எனக்குக் கொடுத்தவன் நீ. உன்னோடு பேசாமலிருந்த வருடங்களுக்கெல்லாம் சேர்த்து இப்போது பேசிவிடுகிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்பது ஒரு வசதி.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பத்தூரில் நீ மோட்டாருக்கு காயில் கட்டும் கடை வைத்திருந்தாய். நான் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நமக்கு ஒரு வருடம் பறக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பெங்களூருக்குக் குடிபோகும்போது தன் இரண்டு கிளைடர்களையும் நம் தலையில் கட்டிவிட்டுப் போனார். அலுமினியக் குழாயும் துணியும்தான். இன்ஜின் கிடையாது. முக்கோண இறக்கைக்கு அடியில் பட்டையில் தொங்கிக்கொண்டு மலை விளிம்பிலிருந்து ஓடிக் குதிக்க வேண்டும். குதித்தால் கீழே இறங்கத்தான் செய்யும். வெயிலில் காய்ந்த பாறையிலிருந்து சூடான காற்று மேலேறுகிற இடம் கிடைத்தால் மட்டும் அதற்குள்ளேயே வட்டமடித்து உயரே போகலாம். அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. நம் சண்டையெல்லாம் அந்த இடத்தைப் பற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமேல் புதூர்நாட்டுக்குப் போகிற ஜீப்பின் கூரையில் கிளைடர்களைக் கட்டிக்கொண்டு ஏறுவோம். சாமைக் கொல்லை முடிகிற இடத்தில் மலை சட்டென்று அறுந்து நிற்கும். அங்கே நின்று நீ பார்ப்பாய். சரிவிலிருந்து சருகு மேலே வருகிறதா, கீழே கடலைக்காட்டில் புழுதி சுழல்கிறதா, பருந்து எந்தப் பக்கம் வட்டமிடுகிறது. "ரெக்கைய ஆட்டாம ஏறுச்சின்னா அங்க காத்து இருக்குது. ஆட்டுச்சின்னா அதுவும் நம்மள மாதிரி வயித்துப்பாட்டுக்கு அலையுதுன்னு அர்த்தம்" என்பாய். ஒரு குச்சியில் சிவப்பு ரிப்பனைக் கட்டி நட்டு வைத்திருந்தாய். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு என் பக்கம் திரும்புவாய்.

"முதல்ல நீ போ, வாத்யாரே. காத்து ஒனக்குத்தான் கட்டுப்படும்."

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? மார்பை நிமிர்த்திக்கொண்டு ஓடிக் குதிப்பேன். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் கீழே கடலைக்காட்டில் போய் உட்கார்ந்துவிடுவேன். நான் எங்கே தூக்கப்பட்டேன், எங்கே ஆட்டம் கண்டேன், எங்கே இறங்கினேன் என்று மேலேயிருந்து பார்த்துவிட்டு நீ கிளம்புவாய். நேராக நல்ல இடத்துக்குப் போய் ஏறுவாய். நான் இறக்கையை மடித்துவைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு, ஜீப் வரும்வரை காத்திருப்பேன். அந்த ரிப்பனுக்கும் எனக்கும் நீ என்ன வித்தியாசம் வைத்திருந்தாய் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கொல்லைக்காரம்மா ஒருநாள் களை கொத்தியபடியே கேட்டார்: "இன்னா சாமி, எப்பவும் இவுருதான் முன்னால குதிப்பாரா? அவுரு ரெக்க குதிக்காதா?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். முட்டாள், உன்னைவிட அதிகமாகச் சிரித்தேன்.

மாசி கடைசியில் அந்த நாள் வந்தது. வெயில் பொசுக்கியது. சருகுகள் ஒரு நேரம் குபுகுபுவென்று மேலே வரும், அடுத்த நேரம் ரிப்பன் செத்துத் தொங்கும். இப்படி விட்டுவிட்டு வருகிற காற்று நம்பத் தகுந்ததல்ல என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். இடப்பக்கம் மொட்டைப் பாறைக்கு மேலே பருந்துகள் ஏறிக்கொண்டிருந்தன. நீ ரிப்பனையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தாய். "கொஞ்சம் பொறுக்கலாமா?" என்று நான் கேட்டேன்.

"பொறுத்தா வெயிலு சாஞ்சிடும். நீ போய்ப் பாரு, வாத்யாரே" என்றாய்.

போனேன். பாறையின் விளிம்பைத் தொட்டதும் யாரோ பட்டையைப் பிடித்துத் தூக்கிய மாதிரி ஏறியது. அப்படி ஒரு ஏற்றத்தை அதற்கு முன்பு நான் கண்டதில்லை. திரும்புவதற்குள் அதைத் தாண்டிவிட்டேன். ஏறுகிற காற்றுக்குப் பக்கத்திலேயே இறங்குகிற காற்றும் இருக்கும். அது என்னைப் பிடித்துக் கீழே அழுத்தியது. கடலைக்காடு வரைக்கும் போய்ச் சேர வழியில்லை. அடிவாரத்தில் ஒரு பெரிய புளியமரத்துக்குள் போய் விழுந்தேன். வலது கால் இரண்டு கிளைக்கு நடுவே மாட்டி முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

மரத்தடியில் சாக்கு விரித்துப் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். "ஐயய்யோ, புளியெல்லாம் போச்சே!" என்றுதான் முதல் குரல் வந்தது. பிறகுதான் நான் இருப்பதைப் பார்த்தார்கள். கயிறு எடுத்துவர ஒருவர் ஓடினார். நான் கிளையில் தொங்கியபடி ஒரு கையை உயர்த்தி உன்னைப் பார்த்து அசைத்தேன்.

நீ ஓடினாய். என்னை நோக்கி இல்லை. விளிம்பை நோக்கி ஓடிக் குதித்தாய். நேராகப் பாறைக்குப் போனாய், நான் தாண்டிய இடத்தை நீ தாண்டவில்லை, சரியாக அங்கேயே திரும்பினாய். ஏறினாய். மலைக்கு மேலே ஏறினாய். பருந்துகளுக்குச் சமமாக ஏறினாய்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. உயரே போகப்போக நீ வலப்பக்கமாக நழுவ ஆரம்பித்தாய். பருந்துகள் இடப்பக்கம் நகர்ந்திருந்தன. உன் இறக்கை மறைத்ததில் அது உனக்குத் தெரியவில்லை. கால் முறிந்து புளியமரத்தில் தொங்கிக்கொண்டு நான் தொண்டை கிழியக் கத்தினேன், "இடப்பக்கம் திரும்புடா! இடப்பக்கம்!" என்று. உனக்குக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. நீயாகவே கண்டுபிடித்துத் திரும்பினாய். எனக்கு அப்போது கண்ணில் நீர் வந்தது. வலியால் இல்லை. அதை நினைத்தால் உன்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல்தான் அதிகம் வருகிறது.

கிளம்புமுன் ஜீப்பைக் கீழே அனுப்பியிருந்தாய். அந்த அளவுக்கு யோசித்திருக்கிறாய். ஜீப்பில் படுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூடப் பின்பக்கமாக உன் இறக்கை தெரிந்தது.

சாயங்காலம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாய். முகமெல்லாம் வெயிலில் கருத்து, கண் மட்டும் பளபளத்தது. கட்டுப் போட்ட என் காலைப் பார்ப்பதற்கு முன்பே சொன்னாய்: "வாத்யாரே, மலையே காலுக்குக் கீழ சின்னதாப் போச்சுடா! ஏலகிரி அந்தாண்ட வரைக்கும் தெரிஞ்சுது!"

"நான் விழுந்தத பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்."

"அப்புறம்?"

"கைய ஆட்டுன. உசுரோட இருக்கன்னு தெரிஞ்சுது. கீழ ஆளுங்க இருந்தாங்க. ஜீப்ப அனுப்பிட்டேன். நான் வந்து இன்னா பண்ணப் போறேன், சொல்லு? அந்த மாதிரி காத்து இன்னொரு வாட்டி வருமா? நீயே சொல்லு."

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு உன்னிடம் எதையுமே சொல்லவில்லை.

கால் ஒரு பக்கம் குட்டையாகக் கூடியது. நொண்டுகிறவனை வைத்துப் பிள்ளைகளுக்கு எப்படி டிரில் எடுப்பது? விசிலை வாங்கிக்கொண்டு ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்தார்கள். மிச்ச சர்வீஸ் முழுவதும் சாக்பீஸும் டஸ்டரும் எடுத்துக் கொடுத்தேன். நீ ஒவ்வொரு மாசியிலும் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே வந்து நின்றாய். "ஜீப் இருக்குது. சும்மா பாத்துட்டு வரலாம், வா" என்பாய். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் உன் வாயில் வரவில்லை. ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாய். "நம்ம வாத்யாருதான் எடத்தக் காட்டிக் குடுத்தாரு" என்று அதில் எனக்கும் ஒரு பங்கு வைத்தாய். வழிகாட்டிய ஆள் நடக்கிற அழகை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

நேற்று உன் மனைவி என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். உன் கிளைடரின் குழாய் அங்கே துணி காயப்போடும் கொடியாக இருக்கிறது. "அப்புறம் அவுரு பறக்கவேயில்லண்ணா. எவ்ளோ பேரு கூப்ட்டாங்க. வாத்யாரு இல்லாம நான் போமாட்டேன்னுட்டாரு. உங்க மேல அவ்ளோ பாசம்" என்று அழுதார்.

நான் தலையாட்டினேன். அந்த அம்மாளிடம் என்ன சொல்வது? அது பாசமில்லை, உங்கள் புருஷன் பயந்தாங்கொள்ளி, எனக்குப் பின்னால் தவிர அவன் ஒருநாளும் குதித்ததில்லை என்று எழவு வீட்டில் சொல்ல முடியுமா? பாசமும் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அதை எனக்கு முன்னால் ஒருமுறை குதித்துக் காட்டியிருக்கலாம்.

இந்த ஒரு தடவைதான் நீ முதலில் போயிருக்கிறாய். அதையும் நான் கீழே நின்று அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. குட்டைக் கால் வெயிலில் கடுத்தது. புகை வலப்பக்கம் சாய்ந்து கலைய ஆரம்பித்தது. ஏரிக்கரைக்கு மேலே, இடப்பக்கம், இரண்டு பருந்துகள் இறக்கையை ஆட்டாமல் ஏறிக்கொண்டிருந்தன. என் வாய் என்னைக் கேட்காமல் எதையோ சொல்லிவிட்டது.

பக்கத்தில் நின்ற உன் மகன் திரும்பி, "இன்னா சார் சொன்னீங்க?" என்று கேட்டான்.

ஒன்றுமில்லை என்றேன்.

"இடப்பக்கம் திரும்புடா" என்றுதான் சொல்லியிருந்தேன்.