எல்லாரிடமும் ஒரு நகல்

12 மார்ச் 2009

அன்புள்ள வாலுவுக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கப் போவதில்லை. இரண்டுக்கும் பொய்தான் சொல்வாய். போனில் பேசினால் அம்மா காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வங்கி ஆட்டம் கண்டுவிட்டது. யாரும் பணம் எடுக்கக் கூடாதென்று தடை. கவுண்டரில் உட்கார்ந்து "மேலிடத்து உத்தரவு" என்று சொல்வதுதான் இப்போது என் வேலை. நேற்று ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு அம்மாவே வரிசையில் வந்து நின்றாள். கண்ணில் உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே, அதற்கு.

"என் பணம்தானே? எடுக்க யார்கிட்ட கேக்கணும்?"

"எனக்கே தெரியலம்மா."

பின்னால் நின்றவர், "பெத்த அம்மாவுக்கே இல்லயாம், நமக்கு எங்க கிடைக்கப்போகுது!" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலை நிமிரவில்லை.

நீ எதுவும் அனுப்பாதே. எனக்கும் அம்மாவுக்கும் வேறு வங்கியில் கணக்கில்லை, அதுவும் எங்கள் வங்கிக்குள் வந்து மாட்டிக்கொள்ளும். நான் வெளியில் கடன் கேட்டுப் பார்க்கிறேன்.

உன் அக்கா

2 ஜூன் 2009

அன்பு அக்காவுக்கு,

கடன் கிடைப்பதற்குள் நாள் கடந்துவிட்டது, இடது கண்ணில் இனிப் பார்வை வராது என்று எழுதியிருந்தாய். சம்பளப் பணம் கையில் இருந்தும் அம்மாவுக்குக் கொடுக்க வழியில்லையே என்று குமுறிக்கொண்டிருந்தபோதுதான் இது கண்ணில் பட்டது.

யாரென்றே தெரியாத ஒருவர் இணையத்தில் ஒரு சிறிய கட்டுரை போட்டிருக்கிறார். நடுவில் வங்கியே இல்லாத பணம்! கணினியில் எதையும் நகலெடுக்கலாம் அல்லவா? அப்படியானால் ஒரே காசை இரண்டு பேருக்குக் கொடுத்து ஏமாற்றலாமே. இதுவரை அதைத் தடுக்க நடுவில் ஒரு காவல்காரன் வேண்டியிருந்தது. அவன் கதவைச் சாத்தினால் எல்லாம் போச்சு. இவர் காவல்காரனையே எடுத்துவிட்டார். கணக்குப் புத்தகம் எல்லாருடைய கணினியிலும் இருக்கும். யாராவது தன் பிரதியைத் திருத்தினால் மற்ற பிரதிகள் காட்டிக்கொடுக்கும். யாராலும் முடக்க முடியாது, எழுதியதை யாராலும் அழிக்கவும் முடியாது. அந்த நிரலில் நானும் சில வரிகள் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்.

தம்பி

19 ஜனவரி 2015

அன்புள்ள வாலுவுக்கு,

ஆறு வருடமாக நீ போனில் ஓதியது பலித்துவிட்டது. முதலில், "எல்லார்கிட்டயும் நகல்னா ஒரிஜினல் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டு உன்னையே திணறவைத்த அம்மா, இப்போது தடை நீங்கித் திரும்பக் கிடைத்த தன் சேமிப்பு முழுவதையும் உன் இணையப் பணமாக மாற்றிவிட்டாள். "உன் பேங்க்ல போடமாட்டேன்டி" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். வலித்தது.

இன்னொரு கண்ணிலும் டாக்டர் ஏதோ சந்தேகப்படுகிறார். "இந்தத் தடவை யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்கிறாள். தெம்பாக இருக்கிறாள்.

அக்கா

6 மே 2015

தம்பி,

போனை ஏன் எடுக்கவில்லை? உன்னோடு வேலை செய்கிறவன் என்று ஒருவன் அம்மாவிடம் பேசியிருக்கிறான். உன் பெயரைச் சொன்னதும் இவளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று அந்தப் பணத்துக்குச் சாவியான ரகசியச் சொற்களைக் கேட்டிருக்கிறான். வாசித்துக் காட்டிவிட்டாள். ஒன்றுமே மிச்சமில்லை.

ஆனால் பணம் திரையில் தெரிகிறது! யாருடையதோ ஒரு கணக்கு முகவரியில் அப்படியே கிடக்கிறது. அதை எழுதியவர்களில் நீயும் ஒருவன்தானே? திருப்பி வாங்கு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அக்கா

8 மே 2015

அக்கா,

எனக்கும் தெரிகிறது. பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். எடுக்க முடியவில்லை. நிரல் எழுதும் எங்கள் குழுவில் கேட்டேன். "ஒருத்தருக்காகத் திருத்தினா, நாளைக்கு யார் வேணா எதை வேணா திருத்தலாமே" என்றார்கள். அவர்கள் சொல்வது சரிதான். நானே பலரிடம் சொன்னதுதான். யாராலும் முடக்க முடியாது என்றேன் அல்லவா, திருடனிடம் போய்ச் சேர்ந்ததையும் முடக்க முடியவில்லை. காலில் விழலாம் என்றாலும் தலைமை என்று ஒருவர் இல்லை.

ஆபரேஷனுக்குச் சம்பளத்திலிருந்து அனுப்பியிருக்கிறேன். உன் வங்கி வழியாகத்தான். அம்மாவை ஒரு வார்த்தை பேசச் சொல்.

தம்பி

30 மே 2015

தம்பிக்கு,

நீ அனுப்பியது வந்து சேர்ந்தது. ஆபரேஷன் முடிந்தது. வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். கட்டுப் பிரித்த மறுநாளே அம்மா கடையைத் திறந்துவிட்டாள், சொன்னால் கேட்கிறவளா?

போலீசுக்குப் போனோம். "இதுக்கு ஆபீஸ் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்கள்.

உன்மேல் கோபமா என்று கேட்டேன். "அவன் என்ன பண்ணுவான் பாவம், நீ என்ன பண்ணுவ?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நேற்று நீ கூப்பிட்டபோது கடையில் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். போனை நீட்டினேன். வாங்கவில்லை. "கூட்டமா இருக்குன்னு சொல்லு" என்றாள். அப்படியே உன்னிடம் சொன்னேன்.

கடையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

அக்கா