நாற்பத்தெட்டு விநாடி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். என் வீட்டுக்காரருக்கு முதுகுவலிதான் விட்டபாடில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இந்தக் கேள்விக்கு மட்டும் நீ பதில் எழுதுவதே இல்லை.

நீ இசையமைத்த புதுப் பாட்டைக் கேட்டேன். குரல் வருவதற்கு முன் நாற்பத்தெட்டு விநாடி வெறும் இசை. வயலின் ஒன்று சொல்ல, புல்லாங்குழல் அதைக் கேலி செய்து பதில் சொல்ல, நடுவில் தாளமே மாறிவிடுகிறது. அதை வெட்டிவிட்டு முதல் வரியிலேயே தொடங்கு, வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் வேலை இல்லை என்கிறாராமே உன் முதலாளி. ஃபோனில் கேட்பவர் முப்பது விநாடிக்குள் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிட்டால் அவருக்குக் காசு வராதாம். வெட்டலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். துணிக்கடையில் மீட்டர் அளந்து கிழிப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்டுவிட்டாய், அன்றிலிருந்து மண்டையைக் குடைகிறது.

சாப்பாட்டு இடைவேளையில் கடைப் பெண்கள் ஐந்து பேரிடம் ஒவ்வொருத்தியாக ஃபோனைக் கொடுத்தேன். யார் பாட்டு என்று சொல்லவில்லை. அலுத்தால் தள்ளிவிடு என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பேர் இருபத்தைந்து விநாடி தாண்டவில்லை. ஒருத்தி மட்டும் முழுதும் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் கல்லாக்காரர் முன்பு கேசட் கடை வைத்திருந்தவர். அப்போது மட்டும் குரலுக்கு முன் இசையை எப்படி அவ்வளவு நீளமாகப் போட்டார்கள் என்று கேட்டேன்.

"கேசட்டை ஒரு தடவ வித்தா போதும்மா. அப்புறம் அவன் கேட்டா என்ன, கேக்காட்டி என்ன? இப்ப ஒவ்வொரு தடவையும் விக்கணும்" என்றார்.

ஜனங்களுக்கு ரசனை போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைச் சொன்னால் சிரிக்கிறார். கேசட்டின் இரண்டு பக்கமும் நிரம்ப வேண்டுமே என்று சும்மா இழுத்தவர்களும் உண்டாம். எனக்கு இது தோன்றவே இல்லை பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நேற்று பஸ்ஸில் உட்கார இடமில்லை, கால் கடுத்தது. உன் பாட்டைப் போட்டேன். குரல் எப்போது வரும் என்றிருந்தது. தள்ளிவிட்டேன். உன் பாட்டு என்று தெரிந்தே தள்ளினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். என் தம்பி ராத்தூக்கமில்லாமல் செய்ததை என் விரல் ஒரு நொடியில் ஒதுக்கிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது.

அதனால் வெட்டிக் கொடுத்துவிடு. நீ வேலையை விட்டுவிட்டு அங்கே பட்டினி கிடந்தால் என்னால் தாங்க முடியாது. தள்ளிவிட்ட பெண்கள் ரசனை கெட்டவர்கள் இல்லையடா, நாள் முழுக்கக் கால்மாற்றி நிற்பவர்கள். ஆனால் வெட்டியதை அழித்துவிடாதே. அதை மட்டும் தனியாக எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. ஃபோனைக் கைக்கு எட்டாமல் அலமாரி மேல் வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா