இருபதடி அகலத்தில் அம்மா

20 ஜூன் 2009, சனி

காலையிலிருந்து பேய்க்காற்று. காயப்போட்ட யூனிபார்ம் பறந்து பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். எடுக்க மாடிக்குப் போனேன். எடுக்காமலே இறங்கினேன். காரணம்: மாடியிலிருந்து பார்த்தால் அவிநாசி ரோட்டுத் திருப்பத்தில் அம்மா தெரிகிறாள். இருபதடி அகலம், பன்னிரண்டடி உயரம்.

மணி மாமா பேனர் வைத்துவிட்டார். அம்மாவின் ஒரே தம்பி. ரெண்டு தெரு தள்ளி பனியன் கம்பெனி. மெஷின் பன்னிரண்டு, சத்தம் நூறு மெஷினுக்கு. அடுத்த ஞாயிறு என் தம்பி நவீனுக்குக் காதுகுத்து. அதற்குத்தான் இந்த அலங்காரம். "தாய்மாமன் சீர் வருகிறது, வழி விடுங்கள்" என்று கொட்டை எழுத்து. ரோட்டில் பாதியைப் பேனரே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்புறம் வழியை எங்கே விடுவது?

பேனரில் இருப்போர்:

1. மாமா, கூலிங் கிளாசுடன்.
2. மறுபடியும் மாமா, செல்போனில் பேசியபடி. (ஒருவேளை முதல் மாமாவோடு.)
3. நவீன், யானை மேல். வயது மூன்று. பூனைக்கே பயப்படுவான்.
4. காங்கேயம் காளை, ரெண்டு.
5. அப்பா. ஏதோ பாஸ்புக்கிலிருந்து எடுத்த போட்டோ. கன்னத்தில் பாதி ரவுண்டு சீல்.
6. அம்மா. ஆபீஸ் அடையாள அட்டைப் போட்டோ. வரி கட்டாதவனைப் பார்க்கிற பார்வை.
7. நான். பத்தாவது குரூப் போட்டோவிலிருந்து வெட்டியது. தோள்மேல் ஒரு கை. கைக்கு ஆள் இல்லை.

கைக்குச் சொந்தக்காரி ஜெசிந்தா சாயங்காலம் வந்து பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், இங்கே வந்து ஆறு வருஷம்.

"ஏட்டி, அது எங் கைல்லா! வளவிகூட தெரியுது. கைக்கு மட்டும் பேனர் வச்ச மொத ஆளு நாந்தாம்ட்டி."

ஆபீஸ் விட்டு வந்த அம்மா திருப்பத்தில் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் பார்த்தாளாம். மாநகராட்சி ஆபீசில் அம்மாவின் வேலையே இதுதான்: அனுமதி வாங்காமல் ரோட்டோரம் வைத்த விளம்பரத் தட்டிகளைக் கண்டுபிடித்துக் கழற்றுவது. தட்டி வைத்தவர்களைத் தட்டிக் கேட்கிற உத்தியோகம். வீட்டுத் தட்டிக்கு என்ன செய்வாள்?

22, திங்கள்

வெயில். வந்தது உத்தரவு. வெள்ளி மாலை மேலதிகாரி பார்வையிட வருகிறார். பாலத்திலிருந்து திருப்பம் வரை அனுமதி எண் இல்லாத ஒரு தட்டி நிற்கக் கூடாது. கொடுத்திருப்பது: லாரி ஒன்று, ஆள் நாலு, அம்மா ஒன்று.

மாமாவை வீட்டுக்கு வரச் சொன்னாள். காப்பி கொடுத்தாள். அப்புறம் சொன்னாள்.

"ஏனுங்க்கா, ரோடெல்லாம் பேனரு நிக்குது. என்றது மட்டுந்தான் உங்க கண்ணுல படுதா?"

"மணி, அதுல என்ற மூஞ்சி நிக்குது. நா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மத்தவிய தட்டியக் கழட்டறது?"

"ஞாயித்துக்கெழம விசேசம் முடிஞ்சதும் நானே எறக்கிப்போடறனுங்க."

"வெள்ளிக்கெழமைக்குள்ள எறக்கோணும்."

"எறக்குங்க. எறக்கிப்போட்டு ஞாயித்துக்கெழம என்ற மடியத் தேடாதீங்க. சொல்லிப்போட்டேன்."

சீர் கொண்டுவர வேண்டியவர் சீறிக்கொண்டு போனார். காப்பியைத் தொடவில்லை. நான் குடித்தேன்.

இந்த மடிதான் பிரச்சினை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமா வராவிட்டால் ஆசாரி ஊசியையே வெளியே எடுக்க மாட்டார். அம்மாவுக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது. ஊருக்கு ஆயிரம் தட்டி, எங்களுக்கு ஒரே மடி.

அம்மாவின் ஏற்பாடு: பாலத்துப் பக்கமிருந்து கழற்றிக்கொண்டே வருவது. "வரிசையா வந்தா அவன்றது கடைசிதான வரும்?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம்! என்னிடம் யோசனை கேட்கிறாள் என்றால் நிலைமை ரொம்ப மோசம்.

23, செவ்வாய்

அம்மாவுக்கு உதவி செய்வது என்று தீர்மானம். (இதுவரை நான் செய்த எல்லா உதவியும் இப்படித்தான் ஆரம்பித்தது.)

அனுமதி எண் இருந்தால் பேனர் நிற்கலாம். மாமா பேனரில் எண் இல்லை. ஆகவே தேவை, எண்.

அம்மா மேசையில் ஆபீஸ் தாள். சீல், கையெழுத்து, தலைப்பில் நீளமாக ஒரு நம்பர். பார்க்கவே கம்பீரம். முழுத் தாளையும் படிக்க நேரமில்லை, குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. நம்பரை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

கருவி: மாமா கம்பெனியில் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டி மேல் எண் அடிக்கிற தகர அச்சு. எண்ணைத் தகரத்தில் வெட்டி வைத்திருப்பார்கள். மேலே வைத்து மையைத் தேய்த்தால் அப்படியே பதியும். பேக்கிங் அண்ணனிடம் ஸ்கூல் புராஜெக்ட் என்றேன். யூனிபார்ம் போட்டுக்கொண்டு எதைச் செய்தாலும் அது ஸ்கூல் புராஜெக்ட்.

5.15. ஜெசிந்தா சைக்கிள் கேரியரில் ஏறி நின்றாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைப் படித்தேன். பட்டப்பகல், பஸ் போகிற ரோடு. எதிரே பேக்கரி வாசலிலிருந்து பேக்கரி அண்ணன்:

"ஏம்புள்ளைகளா, என்ன பண்றீங்க?"

"அனுமதி நெம்பர் அடிக்கறோமுங்ணா. அம்மா சொன்னாங்க."

ரெண்டாவது வாக்கியம் தேவையே இல்லை. நான் எப்போதும் மாட்டுவது ரெண்டாவது வாக்கியத்தில்தான்.

"வெரசா சொல்லுட்டி, அடுத்தது ஏழா, ஒண்ணா? கோழி கிண்டுன மாதிரி எழுதி வச்சிருக்க."

முடிந்தது. கீழ் ஓரத்தில் பளிச்சென்று எண். பேனருக்கு அரசாங்க வேலை கிடைத்த மாதிரி.

24, புதன்

ஐயோ. ஐயோ. ஐயோ.

பதினொரு தட்டி. பதினொன்றிலும் அதே எண்.

நேற்று பேக்கரி அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுத் தன் போர்டிலும் பெயிண்டால் எழுதிக்கொண்டார். அவரைப் பார்த்து செல்போன் கடை. அவரைப் பார்த்து டியூஷன் சென்டர். அதைப் பார்த்துத் தேங்காயெண்ணெய் விளம்பரம். மதியம் அம்மா லாரியோடு போனால் ஒவ்வொருவரும் கடை வாசலில் கைகட்டி நிற்கிறார்கள். "பர்மிசன் இருக்குதுங்க மேடம்."

அம்மா எண்ணைப் படித்தாளாம். கையிலிருந்த தாளைப் பார்த்தாளாம். மறுபடி எண்ணை.

அது அனுமதித் தாள் இல்லை. தட்டிகளை அகற்றச் சொன்ன உத்தரவு. மாமா பேனர் நிற்பதற்காக நான் அடித்தது, அதைக் கழற்றச் சொன்ன தாளின் எண்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஸ்கூல் விட்டு வந்தபோது அம்மா வாசலில் மாமாவிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்த அச்சு உன்ற கம்பெனிப் பெட்டில இருக்கறதுதான? திங்கக்கெழம இங்கதான உக்காந்திருந்த? டேபிள் மேல இருந்த நெம்பர நீதான எடுத்த?"

"சத்தியமா இல்லீங்க்கா."

"ஆபீஸ் நெம்பரத் திருடிப்போட்டு சத்தியம் வேற பண்ணாத."

மாமா வாசல்படியை விட்டு இறங்கினார். பிறகு சொன்னார்: "நா திருடனுங்களா? சரிங்க. இனி நீங்க எனக்கு அக்காளே இல்லீங்க."

எங்கள் ஊரில் உறவை வெட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் வெட்டுவார்கள்.

நான் கதவுக்குப் பின்னால். உள்ளங்கையை யூனிபார்மில் அழுத்தித் துடைத்தேன்.

ஆபீசில் அம்மாவுக்கு மெமோ. உத்தரவின் எண் வெளியே போனது எப்படி என்று நாளை பதினோரு மணிக்குள் விளக்குமாறு கேட்டிருக்கிறார்கள். நியாயமாக அந்த விளக்குமாறு என் முதுகுக்கு வர வேண்டியது.

சாப்பிடவில்லை. (ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டேன். டைரியில் பொய் எதற்கு. ருசி இல்லை.)

25, வியாழன்

காலை ஆறு மணிக்குச் சொல்லிவிட்டேன். அம்மா பல் தேய்க்கும்போது. வாயில் நுரை இருந்தால் ஒரு நிமிடமாவது திட்ட முடியாது என்று ஒரு கணக்கு. கணக்கு சரிதான். துப்பிவிட்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்று:

"என்ற தம்பியத் திருடன்னு சொல்லிப்போட்டனே புள்ள."

அடித்திருக்கலாம்.

பிறகு மேசையில் உட்கார்ந்து விளக்கம் எழுதினாள். நகல் எடுக்கும் வேலை எனக்கு. என் பேர் பெரிதாக வரும் என்று பயந்தேன். வந்தது இவ்வளவுதான்: "மேற்படி எண்ணை என் மகள் விளையாட்டாக எழுதியது உண்மை. ஆயினும் முதலில் அகற்றியிருக்க வேண்டிய தட்டி என் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைக் கடைசிக்குத் தள்ளியவள் நான். தவறு என்னுடையது."

"மாமா பேரு போடலீங்களா?"

"அவன் வெச்சது நம்மூட்டு விசேசத்துக்குத்தான. என்னோட போகட்டும்."

பதினொன்றுக்கு என்னையும் ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். தடிக் கண்ணாடி போட்ட ஒரு ஐயா, மெமோ கொடுத்தவர்.

"நீதானா அந்த நெம்பர் அம்மிணி? பதினொரு தட்டிலயும் எழுதுனயா?"

"ஒண்ணுதானுங்கய்யா. மீதி பத்தும் அவியளே பாத்து எழுதிக்கிட்டாங்க."

ஐயா முகத்தை ஃபைலால் மறைத்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது. வெளியே வந்தபோது முகம் பழையபடி அரசாங்கம். தீர்ப்பு: பத்துப் பேரிடமும் போய் அது என்ன எண் என்று நானே சொல்ல வேண்டும். நாளை மாலைக்குள் பதினொன்றும் இறங்கினால் அம்மாவின் விளக்கம் ஏற்கப்படும். ஒன்று நின்றாலும் ஃபைல் மேலே போகும்.

முதலில் பேக்கரி.

"அண்ணா, அந்த நெம்பருங்க... அது போர்டக் கழட்டச் சொன்ன உத்தரவு நெம்பருங்க."

பேக்கரி அண்ணன் தன் போர்டை அண்ணாந்து பார்த்தார். "அப்ப என்ற போர்டு மேல நானே 'என்னெக் கழட்டு'ன்னு எழுதி வெச்சிருக்கறனா?"

"ஆமாங்ணா. பெயிண்ட்ல."

அவரே ஏணியைக் கொண்டுவந்தார். மற்றவர்களும் அப்படியே. சண்டைக்கு வந்தால் நம்பரை எங்கே வாங்கினாய் என்று அம்மா கேட்பாளே. அஞ்சு மணிக்குள் பத்தும் கீழே. வசவு வாங்காமல் அம்மா தட்டி கழற்றியது சர்வீசிலேயே இதுதான் முதல் தடவையாம். பேக்கரி அண்ணன் பப்ஸ் நீட்டினார். வாங்கக் கூடாது என்று அம்மா கண்ணாலேயே சொன்னாள். நானும் கண்ணாலேயே சாப்பிட்டேன்.

மீதி ஒன்று. அம்மா போன் பண்ணினாள், மன்னிப்புக் கேட்க. மாமா எடுக்கவில்லை. நாலு தடவை.

26, வெள்ளி

ஸ்கூலுக்குப் போகும் வழியில் மாமா கம்பெனி. பையில் நகல். மாமா கட்டிங் டேபிள் அருகில் நின்றிருந்தார்.

"மாமா, நெம்பர் அடிச்சது நானுங்க."

"நீயா?"

"உங்க தகர அச்சுலதானுங்க."

நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட கழுத! அத்தன நேரா அடிச்சிருக்குதேன்னு பாத்தேன். எங்க பேக்கிங் ஆளுக ஒருத்தனும் அப்பிடி அடிக்கமாட்டானுக." சிரித்தார். பாதியில் நின்றது. "உங்கம்மா என்னெத் திருடன்னுபோட்டா கண்ணு."

நகலை நீட்டினேன். என் கையெழுத்து என்பதால் ரொம்ப நேரம் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"என்ற பேரு எங்க?"

"எழுதலீங் மாமா. என்னோட போகட்டும்னுட்டாங்க."

மாமா சட்டைப் பையிலிருந்து கூலிங் கிளாசை எடுத்து மாட்டிக்கொண்டார். கம்பெனிக்குள். டியூப்லைட் வெளிச்சத்தில்.

"டெம்போவ எட்றா!"

நான் ஸ்கூலுக்குப் போகவில்லை. போவேனா? மாமாவே ஏணியில் ஏறிக் கயிற்றை அறுத்தார். காற்றில் ஏணி ஆடியது. லாரியில் வந்திறங்கிய அம்மா போய் ஏணியைப் பிடித்தாள். மேலே தம்பி, கீழே அக்கா, இடையில் இருபதடி அம்மா மடங்கி மடங்கிச் சரிந்தாள். மாமா இறங்கினார். பேனரைச் சுருட்டி டெம்போவில் போட்டார். போய்விட்டார்.

மாலை மேலதிகாரியின் கார் நிற்கக்கூட இல்லையாம். திருப்பத்தில் இப்போது எதிரே வருகிற பஸ் தெரிகிறது. இதுவரை ஹாரன் மட்டும்தான் தெரியும்.

"ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொன்னானா?" என்று அம்மா கேட்டாள்.

"கேக்கலீங்மா."

கேட்கப் பயமாக இருந்தது.

28, ஞாயிறு

மண்டபத்திலிருந்து. இந்த டைரி பட்டுப்பாவாடைக்குப் பொருந்தவில்லை, பரவாயில்லை.

7.15. நவீனுக்கு மொட்டை, சந்தனம். ஆசாரி ரெடி. மாமா இல்லை.

7.40. இல்லை. ஆசாரி: "நேரம் எட்டரையோட முடியுதுங்க. மாமன் வருவாருங்களா?" அம்மா "வருவானுங்க" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். அப்பா வாசலுக்கும் மேடைக்கும் நடந்து நடந்து செருப்பை மாற்றிப் போட்டிருக்கிறார்.

8.05. இல்லை. அம்மா நவீனுக்குச் சட்டைப் பட்டனைக் கழற்றிக் கழற்றிப் போடுகிறாள்.

8.12. மேளம்!

ஓடிப்போய் வாசலில் பார்த்தேன். மாமா முன்னால், பின்னால் நாற்பது பேர் சீர்த்தட்டுடன், ரோட்டோரமாக ஒற்றை வரிசையில். ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி. மேளக்காரர்கள்கூட ஒருவர் பின் ஒருவர். தாமதத்துக்குக் காரணம் அதுதானாம். ரோட்டை அடைக்காமல் வர வேண்டும் என்று மாமாவே உத்தரவு.

நேரே மேடைக்கு வந்தார். "எங்கீங்க்கா உக்காரட்டும்?"

"திருடன்னு சொன்னது தப்புடா மணி."

"அதையெல்லாம் ஆரு கேட்டாங்க. எங்க உக்காரட்டும், அதச் சொல்லுங்க."

உட்கார்ந்தார். மடியில் நவீன். முதல் காதுக்கு நவீன் கத்தினான். ரெண்டாவது காதுக்கு மாமா கத்தினார்.

8.50. பாதிப் பேர் பந்திக்குப் போயாயிற்று. நவீன் மாமா மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். கையை எடுத்தால் அலறுகிறான். மாமா விடியற்காலையிலிருந்து பட்டினி, ரெண்டு கையும் அவனிடம் மாட்டியிருக்கிறது. அம்மா இலையில் இட்லி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாயத் தொற."

"எல்லாரும் பாக்கறாங்க்கா."

"பாக்கட்டும். தொற."

திறந்துவிட்டார். இப்போது நாலாவது இட்லி. சட்னி போதவில்லையாம், என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.