நசுங்காத எலுமிச்சம்பழம்

14 ஆகஸ்ட் 1994, ஞாயிறு

படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வேனின் உடலைத் தாங்கும் பின்பக்கக் காற்றுப்பைகளுக்கு அண்ணன் இன்று கம்ப்ரசர் பொருத்தினான். காற்றேறியதும் வேன் உயர்ந்தது. அம்மா சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். காற்றுக்குழாயைப் பார்க்க அண்ணன் வேனுக்கடியில் நுழைந்தான்.

“ஜேக் வச்சு முட்டுக் கொடுத்துட்டுப் போண்ணே.”

“சும்மா இரு லா, பயந்தாங்கொள்ளி! காத்தே தாங்கும்.”

சீறல் கேட்டது. வேன் இறங்கியது. அவன் காலைப் பிடித்து இழுத்தேன். சட்டை மட்டும் கிழிந்தது.

“பாருடி, பழம் நசுங்கவே இல்ல. சாமி காப்பாத்திருச்சு,” என்றார் அம்மா.

சக்கரம் அசையவேயில்லை. அதற்கு மேலிருக்கும் வேனின் உடல் மட்டும்தான் இறங்கியது. பழம் எப்படி நசுங்கும்? அம்மா சொன்னதற்கு அண்ணனும் தலையாட்டினான். கசிவை அடைக்கக் காலையில் மறுபடியும் நுழைவானாம்.

வேன் சாவியில்லாமல் கம்ப்ரசர் ஓடாது, வேன் உயராது. சாவி என் தலையணைக்கடியில் இருக்கிறது. அவனிடம் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.