கரி பூசிய மேனேஜரும் உன் ஆபீஸ் கதவும்

அன்பு மகள் ஜினிஷாவுக்கு, தக்கலையிலிருந்து அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டுவலி மட்டும் மழையைச் சாக்குச் சொல்லி வந்துபோகிறது, அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. எங்கள் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டையைத் தல்லி உடைத்து உடைத்து எங்கள் கைரேகை அழிந்துபோனதால், வருகையைப் பதிய முகம் பார்க்கும் மெஷின் ஒன்றை மாட்டினார்கள். நல்ல வெளுப்பான மேனேஜர் சுந்தரராஜ் எட்டிப் பார்த்தாலே பச்சை விளக்கு. என்னையும் என் பக்கத்தில் இருந்து தல்லும் செல்லபாயையும் எங்களைப்போல் கறுத்த மற்றவர்களையும் கண்டால் மட்டும் அதற்குக் கண் அவிந்துவிடும். நான் சிரித்துக்கூடப் பார்த்தேன், கல்யாணப் போட்டோவுக்குக்கூட அவ்வளவு சிரித்ததில்லை. மூன்று நாள் வேலை பார்த்தும் வராதவர்களாகவே இருந்தோம். பிறகு செல்லபாய், கொட்டை எண்ணெய் பொள்ளாமலிருக்க நாங்கள் கையில் தேய்க்கும் சாம்பலை அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டு வெளுப்பாக நின்றாள், உடனே பச்சை. நாங்களும் அப்பினோம், அன்று பதினாலு பேரும் செல்லபாய் என்றே பதிவானோம். மேனேஜர் வந்து, மெஷினுக்கு நிறமும் தெரியாது இனமும் தெரியாது, எல்லாரும் அதுக்கு ஒண்ணுதான் என்றார். அப்படீன்னா சாரும் கொஞ்சம் அடுப்புக்கரியப் பூசிட்டு நில்லுங்க பாப்போம் என்று நான்தான் வாயை விட்டேன். வீறாப்பில் அவரும் பூசிவிட்டார். மெஷின் அசையவில்லை. நான் மேனேஜராக்கும், நான் மேனேஜராக்கும் என்று அதனிடம் அவர் கத்தியதில் எங்களுக்கு விலா வலித்தது. மறுநாளே பழைய வருகை நோட்டு வந்துவிட்டது.

இதை உன் அறைத்தோழி பிளஸ்ஸியிடம் போனில் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. உன் ஆபீஸ் கதவும் முகம் பார்த்துத்தான் திறக்குமாம், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு உடனே திறக்குமாம், உனக்குத் திறக்காததால் தினமும் அரைமணி நேரம் வெளுப்புக் கிரீம் பூசிக்கொண்டு போகிறாயாம். கதவு திறக்கப் பிந்துகிறதே என்றதற்கு என்னிடம் வாசலில் வெளிச்சம் போதவில்லை என்று சொன்னாயே மக்களே. அந்தக் கதவுக்கு முன்பே உனக்கு இதைப் பழக்கியவள் நான். யாராவது கறுத்த பிள்ளை என்று சொல்லிவிடுவார்களோ என்று ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் புறப்படும்போது உனக்குப் பவுடர் அப்பியது இந்தக் கைதான். அது என் தப்பு.

நாளைக்கு முகத்தைக் கழுவிவிட்டுப் போய் நில். திறக்காவிட்டால் வெளியிலேயே நின்று உன் மேலதிகாரியைப் போனில் கூப்பிட்டு, உங்கள் கதவுக்குக் கண் தெரியவில்லை என்று சொல். அவரும் வெளிச்சத்தைக் குறை சொன்னால் எழுது, அடுத்த பார்சலில் நேந்திரங்காய் வற்றலோடு கொஞ்சம் கரியும் வைக்கிறேன்.

எந்த வாசலிலும் கர்த்தர் உனக்கு முன்னே போவாராக. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வர மறக்காதே, ஒன்றும் பூசாமல் வா.

உன்னைப்போலவே கறுத்த அம்மா,
நேசபாய்